பால் மரத்தில் ஒரு மின்கித்தார்

சென்ற ஆண்டு நம் கழகத்தின் கலை இரவு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். நான் வாசித்த மின்கித்தாரை அவர்களுக்கு அருகில் பார்க்க வேண்டுமாம். "எங்கே வாங்கினீர்கள்?" என்றார்கள். நானே செய்தது என்றேன். அடுத்த கேள்வி, நான் எதிர்பார்த்ததுதான். "என்ன மரம்?"

"பால் மரம்."

தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் மட்டும் உடனே சிரித்துவிட்டார். மற்ற இருவரும் விழித்தார்கள். ரப்பர் மரம் என்று விளக்கியதும் அவர்களும் சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு யாராவது என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நல்ல கித்தாருக்கு நல்ல மரம் வேண்டும், நல்ல மரம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று நம்பியவன் நான். அந்த நம்பிக்கைக்காக 380 ரிங்கிட் செலவழித்தும் இருக்கிறேன்.

கையால் மின்கித்தார் செய்ய மரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் தொழில்முறைக் கைவினைஞன் அல்லன். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்துவிட்டு, இப்போது இயந்திரப் பொறியியல் பயிலும் மாணவன். ஒரு கித்தாரை முழுமையாகச் செய்திருக்கிறேன். இன்னொன்றைப் பாதியில் கெடுத்திருக்கிறேன். கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி கெடுத்ததிலிருந்து வந்தது.

ஒரு சிறு குறிப்பு. கித்தாரின் பாகங்களுக்குத் தமிழில் சொல் தேடியபோது, வீணைக்கு ஏற்கெனவே எல்லாச் சொற்களும் இருப்பதைக் கண்டேன். ஆகவே விரல்கள் ஓடும் நீண்ட பகுதியைத் தண்டி என்றும், அதில் பதித்த உலோகக் கட்டைகளை மெட்டு என்றும், கம்பிகள் அமரும் தாங்கியைக் குதிரை என்றும், சுருதி கூட்டும் முறுக்காணியைப் பிருடை என்றும் இங்கே எழுதுகிறேன்.

மின்கித்தார் எப்படி ஒலிக்கிறது?

தஞ்சாவூர் வீணையைப் பலா மரத்தில் செய்கிறார்கள். கம்பியை மீட்டினால் அதிர்வு குதிரை வழியாகக் குடத்தின் மேற்பலகைக்குச் செல்கிறது. பலகை அதிர, அது காற்றை அசைக்கிறது. நம் காதுக்கு வருவது பெரும்பாலும் அந்தப் பலகையின் ஒலியே. சாதாரணக் கித்தாரும் இப்படித்தான். எனவே அங்கே மரம்தான் பாடுகிறது எனலாம்.

மின்கித்தாரில் கதை வேறு. கம்பிகளுக்குக் கீழே 'பிக்கப்' என்னும் சிறு பெட்டி இருக்கும். அதற்குள் காந்தம்; காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி, 7,000 சுற்றுகளுக்கும் மேல். மேலே உள்ள எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். படிவம் ஐந்து இயற்பியலில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்ததும், பிறகு மறந்ததும் இதுதான்! அந்தச் சிறு மின்னழுத்தத்தை ஒலிப்பெருக்கி பெரிதாக்குகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பிக்கப்புக்குக் காது இல்லை. அது மரத்தின் ஒலியைக் கேட்பதில்லை. எஃகுக் கம்பியின் அசைவை மட்டுமே உணர்கிறது. நைலான் கம்பியைக் கட்டினால் எவ்வளவு விலையுயர்ந்த மரமாக இருந்தாலும் பிக்கப் வாய் திறக்காது.

மரமே இல்லாத கித்தார்கள்

வரலாறும் இதையே சொல்கிறது. 1932இல் அமெரிக்காவின் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மின்கித்தாரின் உடல் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. வட்ட உடலும் நீண்ட தண்டியுமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர் வந்தது. 1940 வாக்கில் லெஸ் பால் என்ற இசைக்கலைஞர் 4 அங்குலச் சதுரப் பைன் கட்டையில் பிக்கப்பையும் கம்பிகளையும் பொருத்தி வாசித்தார். கட்டையைப் பார்த்து மக்கள் முகம் சுளிக்காமலிருக்க, ஒரு சாதாரணக் கித்தாரை இரண்டாக அறுத்து அதன் இருபுறமும் ஒட்டினார். அந்த இரண்டு பாதிகளும் கண்ணுக்காக மட்டுமே!

1950களில் டான்எலெக்ட்ரோ நிறுவனம், அலமாரியின் பின்புறம் அடிக்கும் அழுத்தப்பட்ட மரநார் அட்டையால் கித்தார் செய்தது. 1969இல் டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த கித்தாரின் உடல் ஒளி ஊடுருவும் நெகிழி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதைக் கொண்டு மேடையேறினார். இவை எல்லாம் நன்றாகவே ஒலித்தன.

அப்படியானால் மரம் எதற்கு? கித்தாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ எடையின் விசையுடன் தண்டியை இழுக்கின்றன. இரவும் பகலும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் இழுக்கின்றன. அந்த இழுப்பைத் தாங்கி, கம்பியின் இரு முனைகளையும் அசையாமல் பிடித்திருப்பதே மரத்தின் முதல் கடமை. தண்டி அரை மில்லிமீட்டர் வளைந்தாலும் கம்பி மெட்டுகளில் உரசி இரையும். அல்லது விரலால் அழுத்த முடியாத உயரத்தில் நிற்கும். அடுத்த கடமைகள், திருகாணியைப் பிடித்துக்கொள்வது, உளிக்கு இணங்குவது, தோளை வதைக்காதிருப்பது. மின்கித்தாருக்கு மரத்தைப் பார்ப்பது, வீட்டுக்கு உத்தரம் பார்ப்பதற்கு நெருக்கமான வேலை.

380 ரிங்கிட் பாடம்

இதையெல்லாம் அறியாத காலத்தில் நான் மகோகனி மரத்தைத் தேடினேன். கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட லெஸ் பால் கித்தாரின் உடல் மகோகனி, அதன்மேல் மேப்பிள் பலகை. எனக்குப் பிடித்த பாடல்களில் பலவற்றை அந்த வகைக் கித்தாரில்தான் வாசித்திருந்தார்கள். விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில், 'நன்கு உலர்ந்தது' என்ற விளம்பரத்தை நம்பி, இணையத்தில் ஒரு மகோகனிப் பலகை வாங்கினேன்.

அழகான செந்நிறப் பலகை. வந்த அன்றே உருவம் வரைந்து அறுத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அதன்மேல் நேர்கோல் வைத்துப் பார்த்தால், நடுவில் 4 மில்லிமீட்டர் பள்ளம். பலகை வாழை இலைபோலக் குழிந்திருந்தது. விற்றவருக்கு எழுதினேன், பதில் வரவில்லை. அப்பா எதுவும் திட்டவில்லை. "எவ்வளவு ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

நடந்தது என்ன? பச்சை மரம் தண்ணீர் நிறைந்தது. அறுத்தபின் அது காய்ந்து, சுற்றியுள்ள காற்றின் ஈரத்திற்குச் சமமாகும் வரை எடை இழக்கும். நம் நாட்டில் வெளியே வைத்துக் காயவிட்டால் மரத்தின் ஈரப்பதம் ஏறக்குறைய 15 விழுக்காட்டில் நின்றுவிடும். குளிர்சாதன அறைக்குள் கொண்டுபோனால் இன்னும் இறங்கும். காயும்போது மரம் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. குறுக்கே அதிகம், அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் உள்ள சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய சுருக்கத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. இந்த வேறுபாட்டால்தான் பலகை குழிகிறது. என் பலகை மகோகனிதான், அதில் பொய்யில்லை. ஆனால் அது உலரவில்லை.

குவீன் குழுவின் பிரையன் மேயைப் பலர் அறிந்திருப்பீர்கள். 1963இல், 16 வயதில், தம் தந்தையுடன் சேர்ந்து அவர் ஒரு மின்கித்தார் செய்யத் தொடங்கினார். அதன் தண்டிக்குக் கிடைத்தது, ஒரு பழைய வீட்டின் கணப்படுப்பைச் சுற்றியிருந்த நூறாண்டு கடந்த மகோகனிச் சட்டம். அதில் பூச்சி அரித்த துளைகள் இருந்தன. தீக்குச்சிகளைச் செருகி அடைத்தார். உடலுக்குப் பழைய மேசையின் ஓக் மரம். அந்தக் கித்தாரைத்தான் உலக மேடைகளில் எல்லாம் இன்றுவரை வாசிக்கிறார். நெருப்புக்குப் பக்கத்தில் அத்தனை ஆண்டு நின்ற மரத்தில் இனிச் சுருங்க என்ன இருக்கிறது? என் புத்தம்புதிய பலகையைவிட அவருடைய துளை விழுந்த சட்டம் மேலானது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மரக்கடையில் பெயரைக் கேட்பதற்கு முன், இந்த நான்கையும் கேட்டால் போதும் என்பது என் அனுபவம்.

முதலாவது, உலர்ந்ததா? ஈரமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். பலகையை வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைப் பலகையின்மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே இருந்தால் அறுக்காதீர்கள். நான்கு வாரம் ஒரே எடையில் நின்றால் அது உங்கள் அறைக் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, எப்படி அறுத்தது? பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள். வளைய வரிகள் நிமிர்ந்து நின்றால் பலகை குழிவது குறைவு, படுத்திருந்தால் அதிகம். பக்கவாட்டில் ரேகைகள் முனையிலிருந்து முனை வரை நேராக ஓட வேண்டும். தண்டிக்கு இது மிக முக்கியம். ரேகை சாய்ந்து வெளியே ஓடினால் கம்பியின் இழுப்பில் அந்த இடத்தில்தான் விரிசல் விடும்.

மூன்றாவது, என்ன எடை? ஒரு கன மீட்டருக்கு ஆல்டர் மரம் ஏறக்குறைய 450 கிலோ, மகோகனி 590, மேப்பிள் 700. நம் நாட்டு மரங்களில் ஜெலுத்தோங் 460 அளவில் இருக்கிறது. ரப்பர் மரம் 560 முதல் 640 வரை. கெம்பாஸ் 880 அளவு. கெம்பாஸில் உடல் செய்தால் அதைத் தூக்கி நிற்க இன்னொருவர் வேண்டும்!

நான்காவது, எங்கிருந்து வந்தது? பெரிய இலை மகோகனி 2003 முதலும், தண்டியின் மேற்பலகைக்குப் பயன்படும் ரோஸ்வுட் இனம் ஏறக்குறைய முழுவதும் 2017 முதலும், அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. செய்து முடித்த இசைக்கருவிகளில் உள்ள ரோஸ்வுட்டுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது. ஆனால் பலகையாக எல்லை கடந்தால் பல வகைகளுக்குத் தாள்கள் தேவை. இந்தக் காரணங்களால் ஐபனெஸ் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களே நம் வட்டாரத்து நியாத்தோ மரத்தில் கித்தார் செய்கின்றன.

பாட்டியும் பால் மரமும்

என் பாட்டி சிகாமட் பக்கத்துத் தோட்டமொன்றில் 31 ஆண்டுகள் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் இன்று செம்பனை. மகோகனி குழிந்துபோன கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "மரத்துக்கு வைரம் இருக்கான்னு பாத்தியா?" மரத்தின் நடுவே இறுகிப்போன பகுதிக்கு வைரம் என்றும், அதைச் சுற்றியுள்ள இளம் பகுதிக்கு வெளிறு என்றும் தமிழில் பெயர் இருப்பதை அன்றுதான் அறிந்தேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே படித்த ஒன்றுக்குப் பாட்டியின் வாயில் மூன்றெழுத்தில் சொற்கள் இருந்தன.

"அப்படின்னா பால் மரத்துல செய்யலாமா?" என்று கேட்டேன்.

"ஏன்டா, பால் மரத்துக்கு ஏது வைரம்? அது அடுப்புக்குத்தான் ஆகும்."

பாட்டி சொன்னது சரியே. ரப்பர் மரத்தில் வைரமும் வெளிறும் பிரித்துக் காண இயலாதபடி ஒரே வெளிர்நிறமாக இருக்கும். பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தாவரப் பூங்கா வழியாக 1877இல் கன்றுகளாக இங்கே வந்த மரம் அது. பேராக்கின் கோலகங்சாரில் அந்தத் தொடக்கக் கன்றுகளிலிருந்து வளர்ந்த முதிய மரமொன்றை இன்றும் காணலாம். அதன் பாலுக்காகத்தான் நம் முன்னோர்களில் பலர் இந்நாட்டிற்குக் கப்பலேறினார்கள். 25, 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் நெடுங்காலம் விறகாகத்தான் போயிற்று.

பாட்டியின் சொல்லை மீறிப் பார்க்கத் துணிந்தேன். பக்கத்துச் சிறுதோட்டக்காரர் ஒருவர் மறுநடவுக்காக மரம் வெட்டியபோது ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, பலகையாக அறுத்துக் கொண்டுவந்தேன். ஒரு வாரத்தில் அதன்மேல் மை கொட்டியதுபோல நீலக் கறை படர்ந்தது. பின்னர் ஊசிமுனைத் துளைகள் தோன்றின. பலகைக்குக் கீழே மாவுபோன்ற தூள். பாட்டி அந்தத் தூளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டார். என்னைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

விடை என் மாமாவிடம் இருந்தது. மூவாரில் மரத்தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் அவர் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார். "மாப்ள, அந்த மரத்துல மாவுச்சத்து ஜாஸ்தி. பூஞ்சைக்கும் வண்டுக்கும் அது சோறு. வெட்டுன சூட்டோட மருந்து ஏத்திக் காய வச்சாத்தான் மரம். இல்லன்னா பாட்டி சொன்ன மாதிரி விறகு" என்றார்.

தொழிற்சாலைகளில் அதைத்தான் செய்கிறார்கள். அறுத்த பலகையை உடனே உருளைக்குள் அடைத்து, அழுத்தத்தின் மூலம் போரான் கலந்த கரைசலை மரத்துக்குள் செலுத்துகிறார்கள். பிறகு சூளையில் வைத்து ஈரத்தை 10 விழுக்காட்டு அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். பால் வெட்டிய அடிமரத்தில் நீளமான பலகை கிடைப்பது அரிது. எனவே சிறு துண்டுகளை விரல்கள் கோத்ததுபோல இணைத்து, பக்கம் பக்கமாக ஒட்டிப் பெரிய பலகையாக்குகிறார்கள். இந்த முறைகள் பரவிய 1980களிலிருந்து நம் நாட்டு மரத்தளவாட ஏற்றுமதியில் ரப்பர் மரத்துக்குப் பேரிடம் உண்டு. வெளிநாட்டில் அதற்கு 'மலேசிய ஓக்' என்று கௌரவமான பெயர் வேறு!

மாமா தொழிற்சாலையில் அனுமதி பெற்று, கழித்துப்போட்ட துண்டுப் பலகைகளைக் கொண்டுவந்து தந்தார். தராசில் வைத்து நான்கு வாரம் பார்த்தேன். எடை அசையவில்லை.

செய்த விதம்

என்னிடம் இருந்தவை 22 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகைகள். மின்கித்தார் உடலுக்குத் தேவை ஏறக்குறைய 45. இரண்டை ஒட்டினால் 44, போதும். ஆனால் ரப்பர் மரம் சற்றுக் கனமானது. ஆகவே ஒட்டுவதற்கு முன் கீழ்ப்பலகையின் உட்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் குழிகள் தோண்டினேன். குதிரையும் பிக்கப்பும் அமரும் நடுப்பகுதியைத் தொடவில்லை. இதனால் உடலின் எடை அரைக்கிலோ குறைந்தது. மருந்தேறிய மரம் என்பதால் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் கட்டாயம்.

தண்டியை ஒரே துண்டில் செய்யவில்லை. மூன்று பட்டைகளை, நடுப்பட்டையை மட்டும் திருப்பிப் போட்டு ஒட்டினேன். ஒன்று ஒரு பக்கம் வளைய நினைத்தால் மற்றது எதிர்ப்பக்கம் இழுக்கும். உள்ளே நீளவாக்கில் ஓர் எஃகுத் தண்டு. 1923இல் கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ காப்புரிமை பெற்ற முறை இது. முனையிலுள்ள மரையைத் திருகி, கம்பிகளின் இழுப்புக்கு எதிராகத் தண்டியை நேர்செய்யலாம்.

விரல் படும் மேற்பலகைக்கு ரப்பர் மரம் போதாது. கம்பியும் நகமும் ஓயாமல் தேய்க்கும் இடம். கடினமான மரம் வேண்டும். மாமா வீட்டைப் புதுப்பித்தபோது கழற்றிய பழைய மெர்பாவ் கதவு நிலை கிடைத்தது. மெர்பாவ் மிகக் குறைவாகச் சுருங்கும் மரம். நனைந்தால் பழுப்புச் சாறு கசியும்; அதனால் எண்ணெய் பூசி அடைத்தேன்.

அடுத்தது மெட்டு. வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகின்மேல் பதித்துக் காதால் சரிபார்ப்பார்கள். கித்தாரில் மரத்தை அறுத்து மெட்டை அடித்து இறக்குவதால், பிழையானால் திருத்த இயலாது. ஆகவே கணக்கு. கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம். 648 மில்லிமீட்டர் நீளத்துக்கு அது 36.37. எஞ்சிய 611.63ஐ மீண்டும் 17.817ஆல் வகுத்தால் அடுத்த இடைவெளி, 34.33. இப்படியே போனால் 12ஆவது மெட்டு மிகச் சரியாகப் பாதியில், 324இல் வந்து நிற்கும். அங்கே சுருதி ஒரு ஸ்தாயி உயர்கிறது. நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்று: ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அளக்காதீர்கள். எல்லாவற்றையும் தொடக்க முனையிலிருந்தே அளந்து குறியுங்கள். இல்லாவிட்டால் சிறு சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகிவிடும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பிக்கப் 120 ரிங்கிட், பிருடைகள் 60, குதிரை 70, எஃகுத் தண்டு 35, மெட்டுக்கம்பி 30, பசையும் பூச்சும் 45. மொத்தம் 360 ரிங்கிட். நான் கெடுத்த மகோகனிப் பலகையைவிட 20 ரிங்கிட் குறைவு. மாமாவின் உழைப்பும், துறைப் பட்டறையில் கருவிகளைத் தந்து உதவியவர்களின் பொறுமையும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஒலி எப்படி?

நண்பர் ஒருவரிடம் மகோகனி உடல் கொண்ட கித்தார் இருக்கிறது. என் பிக்கப்பை அதற்கு மாற்றி, அதே வகைக் கம்பிகளைக் கட்டி, ஒரே பகுதியை இரண்டிலும் வாசித்துப் பதிவு செய்தேன். அறை நண்பர்களைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து எது எது என்று கேட்டேன். ஒருமுறை சரியாகச் சொன்னவர் அடுத்தமுறை மாற்றிச் சொன்னார். பிறகு அவர்களுக்குச் சொல்லாமல் பிக்கப்பை 2 மில்லிமீட்டர் கீழே இறக்கினேன். எல்லாரும் உடனே கண்டுபிடித்தார்கள். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். என் விரலே இருமுறை ஒரே மாதிரி மீட்டாது. எனினும் 380 ரிங்கிட் கொடுத்து நான் வாங்க நினைத்த வேறுபாட்டை, நானே என் பதிவில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்காக மரத்துக்கு ஒலியில் பங்கே இல்லை என்று சொல்வதும் தவறு. என் கித்தாரில் மூன்றாம் கம்பியின் ஏழாவது மெட்டில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடுகிறது. அந்தச் சுருதியில் தண்டியே சேர்ந்து அதிர்ந்து கம்பியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதே காரணம். தண்டியை இன்னும் விறைப்பாகச் செய்திருந்தால் அந்தக் குறை வேறிடத்துக்கு நகர்ந்தோ குறைந்தோ இருக்கும். இங்கும் கேள்வி, மரத்தின் பெயர் என்ன என்பதன்று. அது எவ்வளவு விறைப்பானது, எப்படி அறுக்கப்பட்டது என்பதே.

கித்தாரைச் செய்து முடித்ததும் முதலில் பாட்டியிடம்தான் கொடுத்தேன். மெல்லிய பூச்சுக்குக் கீழே ரேகைகள் தெரிந்தன. விரலால் தடவிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முனையில் முகர்ந்தும் பார்த்தார். பால் வாடை இல்லை. பிறகு கையில் எடை பார்த்துவிட்டு, "கனமா இருக்கே, இத மாட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்ப?" என்று கேட்டார்.

"அரை மணி நேரம் பாட்டி."

31 ஆண்டுகள் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்து நிரை நிரையாக நடந்தவர் அவர். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் கித்தாரைத் திருப்பித் தந்தார். மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாவிடம், "பால் மரத்துல செஞ்சதாம், பேரன் செஞ்சது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது சன்னல் வழியாகக் கேட்டது.

நண்பர்களே, அடுத்த கித்தாருக்கு ஜெலுத்தோங் பலகை ஒன்றை வாங்கி என் அறையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் எடை பார்க்கிறேன், இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அது நின்றதும் அறுக்கத் தொடங்குவேன். உடனிருந்து கற்க விரும்புவோர் கழகச் செயலவையினர் வழியாக என்னை அணுகலாம். வரும்போது மகோகனி வாங்கி வர வேண்டாம். உங்கள் வீட்டுப் பின்கட்டில் பழைய கட்டிலோ கதவு நிலையோ கிடந்தால், அதை விறகாக்குவதற்கு முன் வெட்டுமுனையை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.